நொதியின் பள்ளமும் நடுவரின் தீர்ப்பும்

நான் மேடையில் தோற்ற நாட்கள் குறைவு. தோற்றபோதெல்லாம் எதிரணி என்னைவிட நன்றாகப் பேசியது என்று ஒப்புக்கொள்ளவும் தயங்கியதில்லை. அது பேச்சாளருக்கு உரிய நேர்மை. ஒரே ஒரு தோல்வியை மட்டும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. உயிரணுவுக்குள் இருக்கும் ஒரு நொதி தன் துணைப்புரதங்களை எப்படி அடையாளம் கண்டுகொள்கிறது என்ற கேள்வியில், அந்த அரங்கிலேயே அதற்கு விடை தெரிந்த ஒரே மாணவியாக நின்றுகொண்டு நான் தோற்றேன்.

இரண்டாயிரங்களின் பிற்பகுதியில், விருதுநகருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் முதுகலை முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். மேடை அதற்கு வெகு முன்பே எனக்கு வாய்த்துவிட்டது. மைக்குக்கு எட்டாத வயதில் மீலாது விழா மேடையில் மரப்பெட்டியின் மேல் ஏற்றி நிறுத்தப்பட்டவள் நான். அவையை வணங்கும்போது குரலைத் தாழ்த்து. வரியின் வலிமையான சொல்லைக் கடைசியில் வை. கைதட்டல் எழும் இடத்தில் மூச்சை எடு. இந்தப் பாடங்கள் எல்லாம் உடம்பில் ஊறியவை. ஆகையால் ஆய்வுக் கட்டுரை ஒன்றை முதன்முதலாக முழுதாகப் படித்து முடித்தபோது எனக்கு ஒருவிதக் கோபம்தான் வந்தது. அதில் கைதட்டலுக்கு இடமே இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் சான்றைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றது. இரண்டாம் முறை படித்தபோது கோபம் பொறாமையாயிற்று. இப்படி ஒதுங்கி நிற்க எனக்குத் தெரியாதே என்று தோன்றியது.

கட்டுரை பி-97 என்ற நொதியைப் பற்றியது. பழுதாகிப்போன புரதங்களைப் பிடித்திழுத்து, மடிப்பைப் பிரித்து, அழிவுக்கு அனுப்பும் வேலையில் அதற்குப் பங்கு உண்டு. உயிரணுவின் உட்சவ்வுகளை ஒன்றோடொன்று இணைப்பதிலும் பங்கு உண்டு. ஒரே மாதிரியான ஆறு பிரதிகள் வட்டமாக அமர்ந்து வளையமாகின்றன. ஏடிபி என்னும் எரிபொருளை உடைத்து வளையம் விசை பெறுகிறது. ஆனால் எங்கே போய் எதை இழுப்பது என்பதை அது தனியாகத் தீர்மானிப்பதில்லை. வேறு புரதங்கள் வந்து அதனோடு ஒட்டிக்கொள்கின்றன. ஒன்று ஒட்டினால் சவ்வு வேலை, மற்றொன்று ஒட்டினால் கழிவு வேலை. அவற்றைத்தான் துணைப்புரதங்கள் என்கிறேன். வகுப்பில் அடாப்டர் என்றே சொல்வோம். உடனே யாராவது செல்போன் சார்ஜரைத் தூக்கிக் காட்டுவார்கள்.

அடையாளம் காணும் இடம் மிகச் சிறியது. வளையத்தின் ஒவ்வொரு பிரதியிலிருந்தும் ஒரு பகுதி வெளியே நீண்டிருக்கிறது. அது இரு மேடுகளாகப் பிரிந்திருக்க, நடுவே நீரை விரும்பாத, எண்ணெய்த்தன்மை கொண்ட ஒரு பள்ளம். துணைப்புரதம் எவ்வளவு பெரியதானாலும் அதிலிருந்து நீளும் ஒரு சிறு வளைவுதான் அந்தப் பள்ளத்துக்குள் போகிறது. வளைவின் நுனியில் மூன்று அமினோ அமிலங்கள். பினைல்அலனின் பள்ளத்தின் எண்ணெய்ப் பசைக்குள் அமிழ்கிறது. புரோலின் வளைவை விறைப்பாக நிறுத்துகிறது. ஆர்ஜினின் விளிம்பைப் பற்றிக்கொள்கிறது. மீதி உடம்பு வெளியே நிற்கிறது. வேறு உருவம் கொண்ட இன்னொரு துணைப்புரதக் கூட்டமும் அதே இடத்துக்குப் போட்டியிடுகிறது. ஒன்று அமர்ந்த இடத்தில் மற்றொன்று அமர முடியாது. வந்திருப்பவர் யார், எந்த வீடு என்றெல்லாம் நொதி கேட்பதில்லை. அந்த நுனி பொருந்துகிறதா என்பது மட்டுமே அதன் கேள்வி.

அந்த ஆண்டு எங்கள் துறைக்கு ஒரு வாய்ப்பு வந்தது. பெங்களூரில் ஓர் ஆய்வகம் கோடை விடுமுறையில் இரண்டு மாதப் பயிற்சிக்கு முதலாண்டு மாணவர் ஒருவரை அனுப்பச் சொல்லியிருந்தது. புரதங்களின் வடிவத்தைக் கணினித் திரையில் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துப் படிக்கும் ஆய்வகம் அது. நான் தாளில் ஒரு பக்கம் மட்டும் பார்த்திருந்த அந்தப் பள்ளத்தை அங்கே போனால் சுற்றி வந்து பார்க்கலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதைக் கேட்க வேண்டிய இடம் இரண்டு: ஒன்று கல்லூரி, மற்றொன்று என் தந்தை, அத்தா.

அத்தாவுக்குக் காகித வியாபாரம். சிவகாசி அச்சகங்களில் காலண்டரும் லேபிளும் வெட்டியபின் மிஞ்சும் தாள் துண்டுகளை வாங்கி, வெடிக்குக் குழாய் சுற்றும் கம்பெனிகளுக்கு விற்பார். நொதியின் படத்தைப் பெரிதாக அச்சிட்டுத் தரும்படி நான் கேட்டபோது, பழகிய அச்சகத்தில் கொடுத்து, காலண்டர் தாளில் பளபளவென்று அடித்துக்கொண்டு வந்தார். வந்ததும் அங்கே நடந்ததைச் சொல்லிச் சிரித்தார்.

"மெஷின்காரன் கேக்கான், 'என்ன பாய், தரைச்சக்கரத்துக்குப் புது லேபிளா? டிசைன் ஜோரா இருக்கே'ங்கான். எம் மக படிக்கிற பாடம்யான்னேன். 'பாடமா? யாருக்குப் பாடம்?'னுட்டான்."

சிரித்து முடித்தபின் பெங்களூரைப் பற்றிச் சொன்னேன். தாளின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"காலேஜே அனுப்புதுன்னா தாராளமாப் போயிட்டு வாம்மா. கேக்குறவுககிட்ட காலேஜு அனுப்பிச்சிருக்குன்னு சொல்லிக்கிருவேன். நீயா எழுதிப்போட்டு நீயா கெளம்புறதுன்னா, அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல."

எதிர்த்து வாதிட என்னிடம் ஆயிரம் கருத்துகள் இருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை. கல்லூரி என்னைத்தான் அனுப்பும் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. வழக்கம்போல் செமினார் வைப்பார்கள், நன்றாகப் பேசுபவரை அனுப்புவார்கள். இந்தப் பொருளில் என்னைவிடப் படித்தவர் எவரும் இல்லை.

துறைத்தலைவி வகுப்புக்கு வந்து வேறொன்றை அறிவித்தார்.

"செமினார்னா நீங்க எல்லாரும் தூங்குறீக. நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்? இந்த வருசம் பட்டிமன்றம். பக்கத்து டிபார்ட்மென்ட்டெல்லாம் வரும், பிரின்சிபல் வருவாரு. ஜெயிக்கிற அணித் தலைவிதான் பெங்களூரு."

தலைப்பையும் அவரே வைத்தார். உயிரணுவின் வேலையை நடத்துவது நொதியே, துணைப்புரதமே. வகுப்பு ஆரவாரம் செய்தது. நானும் மகிழ்ந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். என் களத்துக்கே என் எதிரிகளை அழைத்து வருகிறார்களே என்றுதான் நினைத்தேன். நம் ஊர்களில் எதையும் பட்டிமன்றம் ஆக்கிவிடலாம். கணவனா மனைவியா, பழைய பாட்டா புதிய பாட்டா என்று திருவிழாவுக்குத் திருவிழா தீர்ப்புச் சொல்லிப் பழகிய ஊர், நொதியையும் புரதத்தையும் கூண்டில் ஏற்றுவதில் ஒரு பிழையும் காணவில்லை. அன்று எனக்கும் தெரியவில்லை.

சீட்டு எடுத்ததில் நொதி அணி எனக்கு வந்தது. எதிரணித் தலைவி என் பக்கத்து இருக்கைக்காரி. சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்திலிருந்து கல்லூரிப் பேருந்தில் வருபவள். தாயும் தந்தையும் பட்டாசு ஆலையில் வேலை செய்தார்கள். வகுப்பில் எவருடைய குரலையும் அப்படியே பேசிக்காட்டுவாள். அவளுக்கும் பெங்களூர் வேண்டியிருந்தது. ஏன் வேண்டும் என்று அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"ஏடி, ஒனக்கு நொதியா? எனக்கு அடாப்டரா? சரி போ, சார்ஜர் இல்லாம ஒம் போன் எப்பிடி ஓடுதுன்னு பாக்கேன்," என்றாள் சீட்டைப் பார்த்துவிட்டு.

நடுவராக வந்தவர் கோயில் கொடைவிழாக்களில் பேர்போன மேடைப் பேச்சாளர். பொன்னாடையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டே தொடங்கினார்.

"எனக்கு நொதியும் தெரியாது, பொதியும் தெரியாது. ஆனா பஞ்சாயத்துத் தெரியும். ரெண்டு பக்கமும் வழக்கைச் சொல்லுங்க தாயி, தீர்ப்பை நான் பாத்துக்கிறேன்."

அரங்கம் குலுங்கியது. முதல் வரிசையில் கல்லூரி முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நான் முதலில் பேசினேன். ஏடிபியை உடைப்பது யார், விசையைப் பெறுவது யார், பழுதான புரதத்தின் மடிப்பைப் பிரிப்பது யார் என்று மூன்று கேள்விகளை எழுப்பி மூன்றுக்கும் நொதியையே விடையாக நிறுத்தினேன். காலண்டர் தாள் படத்தை இரு தோழிகள் விரித்துப் பிடித்தார்கள். கைதட்டல் முறையாக வந்தது. மரியாதைக்கு வந்த கைதட்டல் எது, மனம் விட்டு வந்த கைதட்டல் எது என்று பேச்சாளருக்குத் தெரியும். இது முதல் வகை.

பிறகு அவள் வந்தாள். குறிப்புத் தாள் கையில் இல்லை.

"நடுவர் அவர்களே! எங்கூர்ல தவழ்ற பிள்ளைக்கும் தெரிஞ்ச விசயத்தை எதிரணித் தலைவிக்கு எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்ல வேண்டியிருக்கு பாருங்க. வெடிக்குள்ள மருந்தை எம்புட்டு இறுக்கி அடைச்சாலும், திரி இல்லேன்னா அதுக்குப் பேரு என்ன? வெடியா? காகிதப் பொட்டலம்! துணைப்புரதம்தான் திரி. இவுக இம்புட்டு நேரமாப் பொட்டலத்துக்குப் பொன்னாடை போத்திட்டுப் போயிருக்காக!"

பின்வரிசை பெஞ்சுகளில் தட்டிய ஓசை வெகுநேரம் அடங்கவில்லை. நடுவர் தம் தோளில் கிடந்த பொன்னாடையைத் தொட்டுக் காட்டி, "தாயி, இது எனக்குப் போத்துனது" என்றார். மறுபடியும் ஆரவாரம்.

அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குத் திரி சொந்தக்காரன் மாதிரி. அதை வைத்து அடித்தால் விழாத மனம் எது? ஆனால் அந்த உவமை பிழை. திரி தீயைக் கொண்டுபோய் மருந்தில் சேர்க்கிறது. துணைப்புரதம் எந்தத் தீயையும் கொண்டுவருவதில்லை. எரிபொருளை உடைக்கும் திறன் நொதியிடமே இருக்கிறது. துணைப்புரதம் காட்டுவது வேலை செய்ய வேண்டிய இடத்தை மட்டும்.

மறுப்புரைக்கு எழுந்து இதைச் சொன்னேன். இவ்வளவு தெளிவாகத்தான் சொன்னேன். அரங்கம் அமைதியாகக் கேட்டது. மரியாதைக் கைதட்டலுக்குப் பின் மேடையில் அமைதி என்பது இரண்டாவது எச்சரிக்கை மணி. அடுத்த வரி என் நாக்கில் தயாராக இருந்தது: "திரி கருகிச் சாம்பலாகும், முழங்குவது மருந்துதான், நடுவர் அவர்களே!" அதைச் சொல்லியிருந்தால் பெஞ்சுகள் உடைந்திருக்கும். முதல்வர் எழுந்தே நின்றிருப்பார். பெங்களூர் எனக்கு அந்த ஒரு வரியின் தூரத்தில் இருந்தது.

அந்த வரி பொய். துணைப்புரதம் கருகுவதில்லை, வேலை முடிந்து விலகி வேறிடத்தில் மறுபடி பயன்படும். நொதியும் தனியே முழங்குவதில்லை. என் பக்கத்தில் படம் விரிந்திருந்தது. அதில் பள்ளம் நொதியுடையது, பள்ளத்தில் அமிழ்ந்த நுனி துணைப்புரதத்துடையது, இரண்டும் சேர்ந்தது ஒரே இடம். யார் ஆள்கிறார் என்று அந்த இடத்தைக் கேட்டால் கேள்விக்கே பொருளில்லை. பொய் என்று தெரியாமல் எத்தனையோ வரிகளை மேடையில் சொல்லியிருக்கிறேன். தெரிந்து சொல்ல வேண்டி வந்தது அன்றுதான்.

"நடுவர் அவர்களே, இந்தத் தலைப்பே தவறு," என்றேன்.

பட்டிமன்ற வழக்கம் தெரிந்தவர்களுக்கு நான் என்ன செய்தேன் என்பது விளங்கும். அணிக்கு எதிராகப் பேசலாகாது. தலைப்புக்கு எதிராக ஒருநாளும் பேசலாகாது. தலைப்பு என்பது மேடையைத் தாங்கும் மரத்தூண். பேச்சாளர் அதன்மேல் நின்றுகொண்டு எதை வேண்டுமானாலும் வெட்டலாம், அதை மட்டும் வெட்டக்கூடாது.

நடுவரின் சிரிப்பு மாறவில்லை. "என்ன தாயி, மாப்பிள்ளை வீட்டு வண்டியில வந்துட்டுக் கல்யாணமே தப்புங்கீக? ஒங்க அணிக்குப் பேசுங்க."

"இரண்டும் சேருமிடத்தில்தான் அடையாளம் நிகழ்கிறது. இதில் ஆள்பவர் என்று எவரும்..."

மணி அடிக்கப்பட்டது. என் அணியைச் சேர்ந்த இருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அது எவர் காதிலும் விழவில்லை. முடிக்கப்பட்டது என்பது எனக்குத் தெரியும்.

தீர்ப்பு நீளமாக இருந்தது. இரு அணிகளையும் புகழ்ந்தார். என் குரலைத் தனியாகப் பாராட்டினார். பிறகு சொன்னார்: "விருதுநகர்க்காரவுகளுக்கு நான் வந்து சொல்லணுமா? மூட்டை மூட்டையா மல்லியும் வத்தலும் குடோன்ல கெடந்தா ஆச்சா? தரகர் வந்து கைமேல துண்டைப் போட்டு, வெரலைப் பிடிச்சு வெலை பேசினாத்தான சரக்கு நகரும்! நொதி சரக்கு, துணைப்புரதம் தரகர். துணைப்புரதமே என்று தீர்ப்பளிக்கிறேன்!" கைதட்டல் ஓயும் முன்பே முதல்வர் மேடையேறி, பெங்களூருக்குச் செல்பவர் யார் என்பதையும் அறிவித்துவிட்டார்.

மறுநாள் துறைத்தலைவியின் அறைக்குப் போனேன். கெஞ்சுவதற்குப் போகவில்லை, காரணம் கேட்கப் போனேன்.

"மேடம், நான் சொன்னது தப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னா? நீ சொன்னதுதான் சரி. எனக்குத் தெரியாதா?"

"அப்புறம்?"

"பட்டிமன்றம்னு சொல்லி வச்சோம். நீ பட்டிமன்றம் பேசலயேம்மா. பிரின்சிபல் மேடையிலயே அறிவிச்சுட்டாரு. இப்பப் போய் நான் என்னன்னு மாத்த?" சற்று நிறுத்தி, தாழ்ந்த குரலில், "ஒரு வரி சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். ஒனக்கா வராது?" என்றார்.

சரியென்று தெரிந்தும் மாற்ற முடியாத ஒருவர், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அதை என்னிடமே சொல்கிறார். நடுவருக்கு அறியாமை என்ற மன்னிப்பு உண்டு. இவருக்கு என்ன உண்டு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அன்று மாலை கல்லூரிப் பேருந்து புறப்படுவதற்கு முன், எதிரணித் தலைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோவமா இருக்கியாடி?"

"இல்லை."

"பொய் சொல்லாத. மேடையில மட்டும்தான் பொய் சொல்ல மாட்டியாக்கும்?" என்றாள். சிரிப்பு வரவில்லை எனக்கு. அவளே தொடர்ந்தாள். "பள்ளம் பள்ளம்னியே, அதை எனக்குச் சொல்லிக் குடுடி. அங்கன போய்த் திருதிருன்னு முழிச்சா நல்லாவா இருக்கும்?"

மறுத்திருக்கலாம். மறுக்க என் தன்மானம் இடம் தரவில்லை. தோற்றவள் மூடி வைத்துக்கொண்டாள் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். பேருந்தின் ஜன்னல் கண்ணாடியில் விரலால் இரண்டு மேடு வரைந்தேன், நடுவில் பள்ளம், அதற்குள் வளைவு. புழுதி படிந்த கண்ணாடி நன்றாகவே கோடு பிடித்தது. பினைல்அலனின் ஏன் உள்ளே போகிறது, ஆர்ஜினின் ஏன் விளிம்பில் நிற்கிறது என்று சொல்லச் சொல்ல, அவள் கேட்ட கேள்விகள் கூர்மையாகிக்கொண்டே போயின. இவ்வளவு எளிதாக அவள் புரிந்துகொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்போ திரின்னு நான் சொன்னது தப்பாடி?"

"தப்பு."

"தெரிஞ்சு சொல்லல." கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருப்பேன்னு வையி. கைதட்டுறாகள்ல."

அவள் சொன்னதில் ஒளிவு இல்லை. அதற்காகவே அவளை வெறுக்க முடியாமல் போனது எனக்குப் பெரும் சங்கடம். வெறுப்பதற்கு ஓர் ஆள் கிடைத்திருந்தால் அந்தக் கோடையைக் கடப்பது எளிதாக இருந்திருக்கும்.

வீட்டில் நான் தோற்றதை ஒரே வாக்கியத்தில் சொன்னேன். அத்தா வருத்தப்பட்டார். உண்மையான வருத்தம்தான். நானே எழுதிக் கேட்டால் அந்த ஆய்வகம் இடம் தரக்கூடும் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அதான் முன்னாடியே பேசிட்டமேம்மா" என்றார். குரல் உயரவில்லை. என் வீட்டில் தீர்ப்புகள் எப்போதும் தாழ்ந்த குரலில்தான் வரும்.

கோடையில் அத்தாவின் குடோனில் தாள் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து தொலைபேசியைப் பார்த்துக்கொள்வது என் வேலையாயிற்று. தீபாவளி சீசனுக்கு முந்தைய ஆர்டர்கள் வரத் தொடங்கியிருந்தன. ஒருநாள் முற்பகலில் அவள் பேசினாள். பெங்களூரிலிருந்து. பின்னால் வண்டி ஓசை.

"ஏடி, பாத்துட்டேன்! ஸ்கிரீன்ல சுத்தி விடுறாக. மேலருந்து பாக்கலாம், கீழருந்து பாக்கலாம். நீ வரைஞ்சியே, அச்சா அப்பிடியே இருக்குடி. ஆனா அம்புட்டு ஆழமில்ல. நான் ரொம்ப ஆழமா இருக்கும்னு நெனச்சேன்."

"ஆழமில்லையா?"

"இல்லடி. மேலாப்புல ஒரு குழிவு. அதுல போய் எப்பிடித்தான் பிடிச்சு நிக்கோ! நீ வந்து பாரு. அடுத்த வருசம் நீதான்."

"முதலாண்டுக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள்," என்றேன்.

"சரிடி, காசு முடியப்போவுது," என்றாள்.

அத்தா தராசருகில் நின்றிருந்தார்.

"பெங்களூர்லருந்தா? என்னங்குது அந்தப் பிள்ள?"

"பார்த்துவிட்டாளாம். நான் வரைந்ததைவிட ஆழம் குறைவாம்."

அவருக்கு அது விளங்கியிருக்காது. ஆனால் என் முகம் விளங்கியது. கையிலிருந்த தாள் கட்டைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"ஒன்னைய அனுப்பிச்சிருக்கணும் அந்தக் காலேஜு."

நான் அவையை வணங்கவில்லை, குரலை ஏற்றவில்லை, வலிமையான சொல்லைக் கடைசியில் வைக்கவும் இல்லை.

"நீங்க அனுப்பிச்சிருக்கலாமே அத்தா," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வாசலில் லாரி வந்து நின்றது. "லோடு வந்துருச்சு," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.